இரண்டு வெப்கேம், ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு மவுஸ்: சேர்த்துச் செருகினால் ஒன்று மாற்றி ஒன்று படுத்துவிடுகிறது

வீணைத்தந்தி:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தபடியே இணையத்தில் வீணை வகுப்பு எடுக்கிறேன். முகத்துக்கு ஒரு வெப்கேம், விரல் போகும் இடம் தெரிய மேலிருந்து இன்னொன்று. மைக்கும் யூஎஸ்பிதான். பிள்ளைகள் பிறகு பார்த்துப் பயிற்சி செய்ய வகுப்பைப் பதிவு செய்து தருவேன், அதற்கு ஒரு சின்ன எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். அப்புறம் ஒயர்லெஸ் மவுஸ், பிரின்டர்.

கணினி பழைய டெஸ்க்டாப், 2013 வாக்கில் வாங்கியது, விண்டோஸ் 10. பின்பக்கம் குனிந்து குனிந்து செருக முடியவில்லை என்று ஏழு போர்ட் உள்ள 3.0 ஹப் ஒன்று வாங்கி, அதைப் பின்னால் நீல போர்ட்டில் செருகி, கீபோர்டு தவிர எல்லாவற்றையும் அதில்தான் மாட்டியிருக்கிறேன்.

தனித்தனியாகச் செருகினால் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. சேர்ந்தால்தான் தகராறு. இரண்டு கேமராவையும் ஆன் செய்தால் இரண்டாவது கறுப்பாக நிற்கிறது. எது முந்திக்கொள்கிறதோ அது பிழைக்கிறது. டிஸ்கில் பதிவு ஓடும்போது மவுஸ் விட்டு விட்டு நகர்கிறது. சில நாள் டிஸ்கே 'டிங்' என்று காணாமல் போய்த் திரும்பி வருகிறது, அன்றைய பதிவு அவ்வளவுதான். மைக்கில் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல் வேறு.

சர்வீஸ் கடையில் 'டிவைஸ் கான்ஃப்ளிக்ட்' என்று சொல்லி விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தார்கள். எதுவும் மாறவில்லை. புது கணினி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

தேன்கூடு:

டீச்சர், அவசரப்பட்டு வாங்காதீர்கள். டிவைஸ் மேனேஜர் போய், கடைசியில் இருக்கும் யூஎஸ்பி கன்ட்ரோலர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். எனக்கு நிறைய தடவை கைகொடுத்திருக்கிறது.

பழையபெட்டி:

தேன்கூடு தம்பி, அவர் கீபோர்டும் மவுஸும் யூஎஸ்பி. பாதி அன்இன்ஸ்டால் செய்யும்போதே இரண்டும் செத்துவிடும். பிறகு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதுதான். திரும்ப ஆன் செய்தால் விண்டோஸ் அதே டிரைவரை அதே இடத்தில் போடும். உங்களுக்குக் கைகொடுத்தது பெரும்பாலும் அந்த ரீஸ்டார்ட்டாகத்தான் இருக்கும். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அணைகிறது. மறுநாள் அதே நிலையில் எழுகிறது. ரீஸ்டார்ட்தான் முழுசாகக் கழுவி விடும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் அதே பலன்.

வீணைத்தந்தி அம்மா, விண்டோஸை மறுபடி போட்டது வீண் செலவு. 90களில் உண்மையான மோதல் இருந்தது. கருவி கணினியைக் கூப்பிட ஐஆர்க்யூ என்று எண் போட்ட தடங்கள் உண்டு; பிரின்டர் போர்ட் ஐஆர்க்யூ 7இல் உட்கார்ந்திருக்கும், பழைய சவுண்ட் கார்டும் அதே 7ஐக் கேட்கும். பெட்டியைத் திறந்து ஜம்பரை மாற்றிக் குத்துவோம். அந்தத் தொல்லையை ஒழிக்கத்தான் யூஎஸ்பியே வந்தது. வந்த புதிதில் அதுவும் மானத்தை வாங்கியது: 1998 ஏப்ரலில் சிகாகோ காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, விண்டோஸ் 98ஐக் காட்டுகிறோம் என்று ஒரு ஸ்கேனரைச் செருகினார்கள், நீலத்திரை வந்து நின்றது.

இப்போது அப்படி இல்லை. கன்ட்ரோலர் மட்டும்தான் கணினியிடம் பேசும். செருகும் ஒவ்வொரு கருவிக்கும் அது ஒரு எண் கொடுக்கும். ஒரு பாதையில் 127 கருவி வரை போகலாம். அதனால் எண்ணுக்கு அடிதடி கிடையாது. உங்கள் கருவிகள் பங்குபோட்டுக்கொள்வது வேறு சில விஷயங்களை. எந்தத் தொல்லை எதனால் என்று தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். மூன்று கேள்விகள்:

ஹப்பின் பக்கவாட்டில் அடாப்டர் செருக வட்டத் துளை இருக்கிறதா, அதில் அடாப்டர் மாட்டியிருக்கிறீர்களா?

மவுஸின் குட்டி ரிசீவர் எந்த இடத்தில் இருக்கிறது?

டிவைஸ் மேனேஜரில் 'வியூ' மெனுவில் 'டிவைசஸ் பை கனெக்ஷன்' கொடுத்தால் எது எதன் கீழ் இருக்கிறது என்று மரம் போல வரும். அதில் 'ஹோஸ்ட் கன்ட்ரோலர்' என்று எத்தனை, அவற்றின் கீழ் என்னென்ன?

வீணைத்தந்தி:

சார், வட்டத் துளை இருக்கிறது. ஹப்போடு அடாப்டர் வரவில்லை, நானும் கேட்கவில்லை. ரிசீவர் ஹப்பிலேயே, டிஸ்க் ஒயருக்கு அடுத்த போர்ட்டில்.

மரத்தில் மூன்று ஹோஸ்ட் கன்ட்ரோலர். இரண்டு 'என்ஹான்ஸ்டு' என்று சொல்கின்றன. ஒன்றின் கீழ் கீபோர்டு மட்டும், மற்றது காலி. மூன்றாவது '3.0 எக்ஸ்டென்சிபிள்'. மீதி எல்லாமே அதன் கீழ் தொங்குகின்றன.

நள்ளிரவுப்பறவை:

மவுஸுக்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம். ரிசீவரை டிஸ்கிடமிருந்து தள்ளி வையுங்கள்.

யூஎஸ்பி 3.0 ஒயரில் தகவல் வினாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும்போது அகலமான ஒரு ரேடியோ இரைச்சல் கசிகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அதற்குள் விழுகிறது. உங்கள் மவுஸ் பேசுவதும் அங்கேதான், ப்ளூடூத்தும் பழைய வைஃபையும் அங்கேதான். இன்டெல்லே 2012இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. டிஸ்க் சும்மா இருந்தால் மவுஸ் நன்றாக ஓடும், காப்பி ஆரம்பித்ததும் திக்கும். நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே இதுதான்.

ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி ரிசீவரை மேசைமேல் மவுஸ் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் போதும். மவுஸ் பேட்டரியை மாற்றி மாற்றிக் காசைக் கரைத்தவர்கள் நிறைய பேர்.

தேன்கூடு:

இது புதுசா இருக்கே! அப்போ கேமரா கறுப்பாவதும் ரேடியோவா?

பழையபெட்டி:

இல்லை. அது வேறு கதை, இருப்பதில் இதுதான் சுவாரஸ்யமானது.

முதலில் ஹப். அது 3.0 ஹப்தான், ஆனால் உள்ளே இரண்டு ஹப்கள் இருக்கின்றன. ஒன்று 3.0 ஒயர்களுக்கு, மற்றது 2.0 ஒயர்களுக்கு. நீல போர்ட்டுக்குள் இரண்டு வகை ஒயர்களும் தனித்தனியாக ஓடுகின்றன. உங்கள் டிஸ்க் 3.0 பக்கம் போகிறது, ராஜபாட்டை. கேமரா இரண்டும் 2.0 கருவிகள். மைக், மவுஸ், பிரின்டரும் அப்படித்தான். அத்தனையும் சேர்ந்து ஒரே 480 மெகாபிட் பாதையில்தான் கணினிக்குப் போகின்றன. அட்டைப்பெட்டியில் '5 ஜிகாபிட்' என்று போட்டிருப்பது அவற்றுக்குச் சல்லிக்காசு உதவாது.

கணக்கன்:

சார், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கணக்கு இடிக்கிறது. இந்தக் காலத்து வெப்கேம் படத்தைச் சுருக்கி, எம்ஜேபெக்காகத்தான் அனுப்பும். 480இல் அப்படி இரண்டு தாராளமாகப் போக வேண்டுமே?

பழையபெட்டி:

ஓடும் தகவலைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. தடுப்பது முன்பதிவு. பாதிக் காலியாக ஓடும் ரயிலிலும் சீட்டெல்லாம் புக் ஆகியிருந்தால் டிக்கெட் கிடைக்காது அல்லவா, அந்த மாதிரி.

வெப்கேமும் மைக்கும் 'ஐசோக்ரனஸ்' என்ற முறையில் அனுப்பும். தாமதம் ஆகக் கூடாது என்பதால், படம் ஆரம்பிக்கும்போதே கன்ட்ரோலரிடம் இடம் பிடித்து வைக்கும். யூஎஸ்பி 2.0இல் ஒரு வினாடி 8000 துண்டுகளாகப் பிரிகிறது. ஒரு துண்டில் ஒரு கேமரா அதிகபட்சம் 1024 பைட் கொண்ட பொட்டலங்கள் மூன்றைப் பிடிக்கலாம். பெருக்கிப் பாருங்கள், வினாடிக்கு 196.6 மெகாபிட் வரும். இப்படி முன்பதிவு செய்யும் வகைகளுக்கு மொத்தப் பாதையில் 80 சதவீதம்தான் அனுமதி. 480இல் அது 384. இரண்டு கேமரா சேர்ந்தால் 393. ஒன்பது மெகாபிட்டில் கழுத்தறுப்பு! போதாக்குறைக்கு மைக்கும் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும்.

மலிவு விலைக் கேமராக்கள் எம்ஜேபெக் அனுப்பினாலும் முழு இடத்தையும் பிடித்துவிடும். எவ்வளவு தேவை என்று கணக்குப் போட, கேமராவுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை எழுதியவருக்குப் பொறுமை இருந்திருக்காது. அதனால்தான் முதலில் வந்தது ஓடுகிறது, இரண்டாவது கறுப்பு.

பெங்குவின்பிரியன்:

லினக்ஸில் இதே நிலையில் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று பிழைச்செய்தி வரும். ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று நினைத்து ஃபைலை எல்லாம் அழிக்கத் தொடங்குவார்கள்! யூஎஸ்பி பாதையில் இடம் இல்லை என்று அர்த்தம். அங்கே வெப்கேம் டிரைவருக்கு ஒரு 'க்வர்க்' கொடுத்து முன்பதிவைக் குறைக்கச் சொல்லலாம், ஆனால் சுருக்காத வடிவத்துக்குத்தான் அது உதவும். எம்ஜேபெக்குக்குப் பயனில்லை.

கணக்கன்:

ஏற்றுக்கொள்கிறேன். சுருக்காத படத்தையும் போட்டுப் பார்த்தேன். 640க்கு 480, ஒரு புள்ளிக்கு இரண்டு பைட், வினாடிக்கு 30 படம் என்றால் 147 மெகாபிட். அப்படி இரண்டு நுழையும். 1280க்கு 720 என்றால் ஒன்றே 442, ஒற்றைக் கேமராவே நுழையாது.

பழையபெட்டி:

சரியான கணக்கு. அதனால்தான் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள் என்பார்கள். ஆனால் விரல் நுணுக்கம் காட்ட வேண்டிய டீச்சரிடம் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதைவிட நல்ல வழி அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. காலியாகக் கிடக்கும் அந்த 'என்ஹான்ஸ்டு' கன்ட்ரோலர். ஒவ்வொரு என்ஹான்ஸ்டு கன்ட்ரோலருக்கும் தனி 480 உண்டு. விரல் கேமராவை ஹப்பிலிருந்து கழற்றி, பின்னால் உள்ள கறுப்பு போர்ட் ஒவ்வொன்றிலும் செருகிச் செருகி மரத்தைப் பாருங்கள். காலியாக இருந்ததன் கீழ் எப்போது வருகிறதோ, அந்த போர்ட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். முன்பக்க போர்ட்டையும் பார்க்கலாம், ஆனால் அது உள்ளே ஒரு ஒயரில் மதர்போர்டுக்கு வருவது. சில பெட்டிகளில் அந்த ஒயர் சுமார்தான்.

புது கணினி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது வரும் மதர்போர்டு பலகைகளில் என்ஹான்ஸ்டு என்பதே கிடையாது, பெரும்பாலும் ஒரே எக்ஸ்டென்சிபிள்தான். அங்கேயும் கேமராக்களை ஹப்பில் அடுக்காமல் நேராகப் பலகையின் தனித்தனி போர்ட்டில் செருகினால் பல நேரம் சரியாகிவிடும். ஹப்பிலிருந்து போகும் அந்த ஒற்றை ஒயர்தான் குறுகல்.

மின்கம்பி:

டிஸ்க் காணாமல் போவதை யாரும் தொடவில்லை. அது கரன்ட்.

2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லிஆம்ப், 3.0 போர்ட் 900. அடாப்டர் இல்லாத ஹப் அந்த 900ஐ வைத்துத்தான் தானும் வாழ்ந்து, இரண்டு கேமரா, மைக், ரிசீவர் எல்லாவற்றையும் வாழவைக்கிறது. சின்ன ஹார்ட் டிஸ்க் தட்டைச் சுழற்றத் தொடங்கும் நொடியில் அதுவே 900ஐ நெருங்கும். வோல்டேஜ் சரியும், டிஸ்க் மயங்கி விழும், விண்டோஸ் 'டிங்' என்னும். எழுதிக்கொண்டிருக்கும்போது இப்படி ஆனால் ஃபைல் மட்டுமில்லை, டிஸ்கே கெடும். டிஸ்கை இன்றைக்கே ஹப்பிலிருந்து எடுத்துப் பின்னால் இன்னொரு நீல போர்ட்டில் நேராகச் செருகுங்கள். அதனோடு வந்த குட்டை ஒயரையே போடுங்கள், நீள ஒயர் வேண்டாம்.

ஹப்புக்கு அடாப்டர் வாங்குவதானால் ஹப்பின் அடியில் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 5 வோல்ட் ஹப்பும் உண்டு, 12 வோல்ட் ஹப்பும் உண்டு, முனை இரண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும். 5 வோல்ட் ஹப்பில் 12ஐக் கொடுத்தால் அதில் செருகிய எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சங்குதான். இன்னொன்று, மட்டமான ஹப்கள் அடாப்டர் கரன்ட்டைக் கணினிக்குள்ளேயே திருப்பி அனுப்பும். கணினியை அணைத்த பிறகும் போர்டில் ஏதாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அந்த ஹப்பைத் தூக்கிப் போடுங்கள்.

மைக் இரைச்சலுக்கு ஒரு கேள்வி. கேபினட்டின் உலோகத்தில் புறங்கையை வைத்தால் விறுவிறு என்று இருக்கிறதா? மைக்கின் உலோக உடம்பைத் தொட்டால் இரைச்சல் மாறுகிறதா?

வீணைத்தந்தி:

இரண்டுமே ஆம்! மைக்கைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது. கேபினட்டில் விறுவிறுப்பு எப்போதும் உண்டு, பழகிவிட்டது.

மின்கம்பி:

அதற்கெல்லாம் பழகக் கூடாதும்மா. எர்த் இல்லை. கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் இரைச்சலை வடிகட்டும் சின்ன கெப்பாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டோடு இணைந்திருக்கும். கசிவதை எர்த் ஒயர் இழுத்துப் போக வேண்டும். எர்த் வராவிட்டால் கேபினட் 230இன் பாதியில், ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் விறுவிறுப்போடு போகிறது. ஆனால் யூஎஸ்பி ஒயரின் மேலுறை, மைக்கின் உடம்பு எல்லாம் அந்தக் கேபினட்டோடு சேர்ந்தவைதான். இரைச்சல் அங்கிருந்து வருகிறது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக் மூன்று முனையா இரண்டு முனையா என்று முதலில் பாருங்கள். பாதிப் பேர் வீட்டில் குற்றம் அங்கேதான். மூன்று முனை இருந்தும் இப்படி என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த சுவரில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்கிலேயே முடிச்சுப் போட்டுவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், நியூட்ரல் அறுந்தால் கேபினட் முழு 230க்கு வந்துவிடும்.

வீணைத்தந்தி:

எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு வருகிறேன்.

விரல் கேமரா: பின்னால் கீபோர்டு போர்ட்டுக்குத் தள்ளி இருந்த கறுப்பு போர்ட்டில் செருகியதும் காலி கன்ட்ரோலரின் கீழ் வந்தது. இரண்டு கேமராவும் முழுத் தரத்தில் ஓடுகின்றன. டிஸ்க் நேராக நீல போர்ட்டில், நேற்றைய வகுப்பு முழுதும் பதிவாகிவிட்டது. ரிசீவரை எக்ஸ்டென்ஷன் ஒயரில் மேசைமேல் கொண்டுவந்தேன், மவுஸ் திக்கவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மின்கம்பி சார் சொன்னது போல இரண்டு முனைதான். சுவரில் நேராகச் செருகினால் இரைச்சல் பாதிக்கு மேல் போய்விட்டது, மீதி சுருதிப் பெட்டியின் அடாப்டரை எடுத்தால் போகிறது. பேட்டரியில் ஓட்டிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. முக கேமராவையும் மைக்கையும் இன்னும் ஹப்பில் வைத்திருக்கிறேன். பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் மைக் தூங்கிவிடுகிறது, கழற்றிச் செருக வேண்டியிருக்கிறது.

நள்ளிரவுப்பறவை:

பவர் ஆப்ஷன்ஸில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை டிசேபிள் செய்யுங்கள். அப்புறம் டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு 'ரூட் ஹப்'பின் ப்ராப்பர்ட்டீஸிலும் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் இந்த மிச்சம் தேவையே இல்லை.

தேன்கூடு:

என் கணினி புதுசு, ஒரே கன்ட்ரோலர்தான் காட்டுகிறது. நிறைய கருவி சேர்த்தால் 'நாட் எனஃப் யூஎஸ்பி கன்ட்ரோலர் ரிசோர்சஸ்' என்று வருகிறது. 127 வரை போகலாம் என்றீர்களே சார்?

பழையபெட்டி:

அது முகவரிக்கான எல்லை. ஒவ்வொரு கருவியும் உள்ளே தகவல் போக வர பல 'எண்ட்பாயின்ட்' (தனித்தனி வாசல்கள்) கேட்கும். வெப்கேமுக்கு ஒன்றிரண்டு, மைக் உள்ள வெப்கேமுக்கு இன்னும் கூட, கேமிங் கீபோர்டு கைக்கு வந்தபடி கேட்கும், ஹப்பும் தன் பங்குக்கு எடுக்கும். இன்டெல்லின் பல கன்ட்ரோலர்களில் மொத்தமே 96தான். தீர்ந்தால் அந்தச் செய்தி. மதர்போர்டில் காலி பிசிஐஇ ஸ்லாட் இருந்தால் ஒரு யூஎஸ்பி கார்டு போடுங்கள், தனிக் கன்ட்ரோலர் கிடைத்துவிடும். கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உங்கள் பலகை ஏஎம்டியின் எக்ஸ்570 அல்லது பி550 வகை என்றால், பலகையிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பியுங்கள். அவற்றில் யூஎஸ்பி கருவிகள் விட்டுவிட்டு அறுந்துபோவதை ஏஎம்டியே 2021 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டு, அதே ஆண்டு ஏப்ரல் வாக்கில் புதிய பயாஸ் வழியாகத் திருத்தம் தந்தது. இன்னும் பழைய பயாஸிலேயே ஓடும் பெட்டிகள் உண்டு.

கணக்கன்:

இதோடு ஒட்டிய ஒரு சந்தேகம். பிரின்டரை வேறு போர்ட்டில் செருகினால் 'காப்பி 1' என்று புதிதாக ஒரு பிரின்டர் வந்து நிற்கிறது. பிரின்ட் கொடுத்தால் பழையது 'ஆஃப்லைன்' என்கிறது. இது எதைப் பங்குபோடுவதால்?

பழையபெட்டி:

இது பங்கு இல்லை, அடையாளம். சில கருவிகளுக்குள் சீரியல் எண் எழுதியிருக்கும், எங்கே செருகினாலும் விண்டோஸ் 'நீயா' என்று அடையாளம் கண்டுகொள்ளும். எண் இல்லாதவற்றை எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் நினைவில் வைக்கும். போர்ட் மாறினால் அது புது ஆள், புதுப் பதிவு. ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணு அட்டையில் விளையாடும் பிள்ளைகளுக்கு அதன் போர்ட் பெயர் காம் 3 என்று இருந்தது காம் 7 ஆவதும் இதனால்தான்.

பழைய போர்ட்டிலேயே மாட்டுங்கள். இல்லை புது இடம்தான் வசதி என்றால் 'காப்பி 1'ஐ டிஃபால்ட் ஆக்கிவிட்டுப் பழையதை நீக்குங்கள். டிவைஸ் மேனேஜரில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுத்தால் இப்படி விட்டுப்போன பதிவுகள் மங்கலாக வரிசையாகத் தெரியும், வேண்டாததை அங்கிருந்து எடுக்கலாம். அவை சும்மா கிடந்தாலும் கெடுதல் இல்லை.

வீணைத்தந்தி:

என்னிடம் 'காப்பி 3' வரை இருக்கிறது! இப்போதுதான் புரிகிறது. செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்துவிட்டேன், மைக் தூங்கவில்லை. எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.